இடம் மாறிய நொதி

தாயின் வயிற்றில் வளரும் சேய்க்கு உணவும் உயிர்வளியும் சேர்ப்பிக்கும் உறுப்பு நஞ்சுக்கொடியாகும். ஊட்டி வளர்க்கும் உறுப்புக்கு நஞ்சென்னும் பெயர் வாய்த்தது பொருத்தமன்று. ஆயினும், நெடுங்கால வழக்கை மாற்றுதல் எளிதோ? அதன் செல்களில் பாஸ்பட்டேஸ் வகையைச் சார்ந்த நொதி ஒன்று உண்டு. ஈரலிலும் எலும்பிலும் இதனோடு உறவுடைய நொதிகள் உள. 65 பாகை செல்சியசு வெப்பத்தில் அவை விரைவில் ஆற்றல் இழக்கும். நஞ்சுக்கொடியின் நொதியோ நிலைத்து நிற்கும்.

கருவுற்ற மகளிர் குருதியில் இந்நொதி மிகுதலும், மகப்பேற்றுக்குப்பின் குறைதலும் இயல்பு. ஆனால் 1968ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், ஃபிஷ்மன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், நுரையீரற் புற்றுநோயுற்ற ஆடவர் ஒருவரிடம் இத்தகைய நொதியைக் கண்டனர். ஆடவர் உடலில் நஞ்சுக்கொடி ஏது? மாணவர்களே, நம் செல்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் எல்லா மரபணுக்களும் உள்ளன; வேண்டாதவை உறங்கிக் கிடக்கும். நெறி பிறழ்ந்த புற்றுச் செல்லில் உறங்கிய மரபணு விழித்தெழுதல் உண்டு.

இவ்வாறு இடம் மாறிய நொதியைச் செல்லுக்குள்ளேயே காட்டவல்லது எதிர்ப்பொருள். மனித நொதியை முயலின் உடலில் செலுத்தினால், அதனை அயற்பொருளெனக் கண்டு பற்றும் எதிர்ப்பொருள் முயலின் குருதியில் உண்டாகும். முயலுக்கு முயல் அது வேறுபடும். 1975ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும், எதிர்ப்பொருள் ஆக்கும் எலிச் செல்லை ஓயாது பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே தன்மையுடைய எதிர்ப்பொருளை வேண்டுமளவு பெறும் வழி கண்டனர். புற்றைக் கண்டறியப் புற்றின் ஆற்றலே பயன்பட்ட விந்தை இது! 1984இல் இவர்கள் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நோயாளியின் கட்டியிலிருந்து மிக மெல்லிய சீவல் எடுத்து, அதன்மேல் எதிர்ப்பொருளை இடுவர்; பற்றாததைக் கழுவி நீக்குவர்; பற்றியதன்மேல் நிறம் ஏற்றுவர். நொதியுள்ள செல்கள் உருப்பெருக்கியில் பழுப்பாய்த் தோன்றும். இளைஞரின் விரையில் தோன்றும் செமினோமா என்னும் புற்று இவ்வாறு பெரும்பாலும் நிறம் காட்டும். அது வயிற்றின் உட்பகுதிக்குப் பரவியபின்னும், தக்க மருத்துவத்தால் பெரும்பாலும் தீரக்கூடியது. ஆதலால் நோயின் பெயர் பிழைபட்டால் உயிரே பிழைபடக்கூடும். ஆயினும் நுரையீரல், சூலகம் முதலியவற்றின் புற்றுகள் சிலவும் அந்நிறம் காட்டுதலின், மருத்துவர் வேறு எதிர்ப்பொருள்களின் சான்றையும் பெற்றே முடிவு கூறுவர்.