செயலிக்கும் ஒரு செக்கிங் மேசை

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் செக்கிங் பகுதியைக் காணலாம். தைத்து முடித்த ஆடையை மேசைமீது விரித்து, ஊசித்துளை, விட்டுப்போன தையல், எண்ணெய்க்கறை ஆகியவற்றைத் தேடுவர். கைப்பேசிச் செயலிகளுக்கும் இத்தகைய சோதனை உண்டு.

தையற்காரர் முடித்த டஜன்களைப் பதிந்து கூலி கணக்கிடும் செயலி ஒன்றை நீங்கள் எழுதியிருப்பதாகக் கொள்வோம். டஜனுக்கு 18 ரூபாய். 12 டஜன் என்று பதிந்து ‘சேமி’ பொத்தானைத் தொட்டால் 216 என்று காட்ட வேண்டும்; காட்டுகிறது. அடுத்த வாரம் ஓவர்டைம் கூலியையும் சேர்க்கிறீர்கள். புதிய பகுதி ஒழுங்காக இயங்குகிறது. ஆனால் அதைச் சேர்க்கும்போது பழைய பெருக்கல் கெட்டிருக்கலாம் அல்லவா? கெட்டிருந்தால் யாரோ ஒருவரின் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்த வேண்டும். 20 சோதனைகள், 5 வகைக் கைப்பேசிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் என்றால் 150 நிமிடம்! மனிதர் சலித்துப்போவார், சலித்த கண் பிழையைத் தவறவிடும்.

இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைக்க உதவும் இலவசக் கருவிதான் ஆப்பியம். 2012-ஆம் ஆண்டு லண்டனில் நடந்த செலினியம் மாநாட்டில் டான் குவெல்லர் என்ற அமெரிக்கர் வேறொரு பொருள் பற்றிப் பேச வந்தார். இடையே, தாம் எழுதிய ஐபோன் சோதனைக் கருவியையும் இயக்கிக் காட்டினார். அவையோரின் ஆர்வம் அதன் பக்கம் திரும்பிவிட்டது. மறுநாள் குறுகிய உரையொன்றில் அதனை விளக்கினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அதன் மூலநிரலை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டார். செலினியம் என்பது இணையப் பக்கங்களைச் சோதிக்க 2004-இல் தோன்றிய கருவி. (இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கோ அது ஒளி பட்டால் மின்தடை குறையும் 34-ஆம் தனிமம்!)

இது எவ்வாறு வேலை செய்கிறது? ‘சேமியைத் தொடு’ என்ற கட்டளையை நீங்கள் பைத்தான் போன்ற மொழியில் எழுதுகிறீர்கள். அது உங்கள் கணினியில் ஓடும் ஆப்பியம் சர்வருக்குச் செல்கிறது. சர்வர் அதனைக் கைப்பேசிக்குப் புரியும் வடிவில் மாற்றி அனுப்பும். ஆண்ட்ராய்டுக்கு ஒரு வழி, ஐபோனுக்கு வேறு வழி. திரையில் தோன்றிய விடை அதே பாதையில் திரும்பி வரும். அது 216-தானா என்று உங்கள் நிரல் ஒப்பிடும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ‘இடமிருந்து 600, மேலிருந்து 1400 புள்ளியில் தொடு’ என்று எழுதினால் 720 புள்ளி அகலத் திரையில் சரியாகப் படும். 1080 புள்ளித் திரையிலோ அவ்விடத்தில் வேறு ஏதேனும் இருக்கக்கூடும். எனவே பொத்தானை இடத்தால் குறிக்காமல் பெயரால் தேடச் சொல்வதே முறை.

ஆனால் கேட்டதை மட்டுமே கருவி பார்க்கும். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தாக 216 இருந்தாலும் ‘சரி’ என்றே சொல்லிவிடும். செக்கிங் மேசையில் நிற்கும் பெண்மணியோ அதனை முதற்பார்வையிலேயே பிடித்துவிடுவார்.