காலமறிந்து களம் விட்ட ஆசான்

அமெரிக்கக் கால்பந்தாட்டம் நாம் அறிந்த கால்பந்தாட்டத்தினின்றும் வேறானது. அதில் பந்தைக் கையிலேந்தி ஓடுவர். தம் அணியினர்க்கு எறிவர். எறியும் பொறுப்புடையவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். எதிரணியினர் தம்மீது பாயுமுன், எவருக்கு எறிவது என்பதைச் சில நொடிகளில் அவர் துணிதல் வேண்டும்.

1979ஆம் ஆண்டில் பில் வால்ஷ் சான் பிரான்சிஸ்கோ அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். முந்திய ஆண்டில் அவ்வணி 16 ஆட்டங்களுள் 14இல் தோற்றிருந்தது. வால்ஷ், ஜோ மான்டானா என்னும் இளைஞரைத் தேர்ந்தார். அவருக்கு முன்னரே 81 வீரர்கள் அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தனர். அவர்தம் தோள்வலி போதாதெனப் பலர் கருதினர்.

வால்ஷ் தோளை நம்பவில்லை; கால்களையும் கண்களையும் பழக்கினார். இத்தனை அடி பின்வாங்கியதும் இன்னாரை நோக்குக. அவர்க்கு வழியில்லையேல் அடுத்தவரை நோக்குக என ஒவ்வோர் அடியோடும் ஒரு பார்வையை இணைத்தார். முதலாண்டில் மான்டானா எறிந்தவை 23 எறிகளே. அவ்வாண்டும் அணி 14 ஆட்டங்களில் தோற்றது. ஆயினும் ஆசான் விரையவில்லை.

1982 ஜனவரியில் அணி வாகை சூடியது. 1989 ஜனவரியில் நடந்த இறுதியாட்டத்தில் மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. எஞ்சியவை ஏறக்குறைய மூன்று நிமிடங்கள். கடக்க வேண்டியவை 92 கஜங்கள். மான்டானா கலங்கவில்லை. சிறுசிறு எறிகளால் அணியை நடத்தி, 20–16 என வெற்றி கண்டார்.

ஆற்றல் மாணாக்கனுடையது, அதனை இடுக்கணில் உதவுமாறு ஆக்குவது ஆசானின் பொறுமை.