அன்னக்குழல் இணையாமற் பிறந்த குழந்தை: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மலைமடிப்புகளுக்குள் அடங்கிக் கிடக்கும் ஊர்களிலும், கிழக்கே பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்துத் தோட்டங்களிலும், பிறந்த சிசுவின் நாவில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மலைத்தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. சேனை வைப்பது என்று நம்மவர் சொல்லும் இந்தச் சம்பிரதாயத்தின் பின்னே அழகானதோர் எண்ணம் இருக்கிறது. யார் கையால் சேனை பெறுகிறதோ அவருடைய குணம் குழந்தைக்கும் படியும் என்பது அது. அந்தப் பிரியத்தை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். ஆயினும், அந்த ஒரு துளியே சுவாசத்தை அடைத்துவிடக்கூடிய குழந்தைகள் சிலர் பிறக்கிறார்கள் என்பதையும், பார்வைக்கு அவர்கள் மற்றக் குழந்தைகளிலிருந்து எவ்வகையிலும் வேறுபட்டிருப்பதில்லை என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு, அந்தத் தேன்கிண்ணத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனத்தில் ஒரு கலக்கம் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை.

கருவின் நான்காவது வாரத்தில் ஒற்றைக் குழலாய் இருக்கும் ஓர் உறுப்பு, முன்புறம் சுவாசக்குழலாகவும் பின்புறம் அன்னக்குழலாகவும் இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவினை ஒழுங்காக நடவாதபோது, தொண்டையிலிருந்து இறங்கும் அன்னக்குழல் மார்புக்குள் முட்டுச்சந்துபோல் மூடி நின்றுவிடுகிறது. இரைப்பையிலிருந்து மேலே வரும் கீழ்ப்பகுதியோ, சேரவேண்டியதோடு சேராமல், சுவாசக்குழலின் பின்சுவரில் போய்த் திறந்துகொள்கிறது. இக்குறையோடு பிறப்போரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேரின் அமைப்பு இத்தகையது. மருத்துவர்கள் இதை ஈசோபேஜியல் அட்ரீசியா என்பார்கள், வார்டுகளில் 'டி.ஈ.எஃப். குழந்தை' என்றால் எல்லோருக்கும் விளங்கும். சுமார் 3,000 அல்லது 4,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில், இக்குறையோடு பிறப்பவர்கள் ஆண்டுதோறும் 200 பேருக்குக் குறையமாட்டார்கள்.

இத்தகைய குழந்தையின் வாயிலிருந்து பிறந்த சற்று நேரத்துக்கெல்லாம் நுரைநுரையாக எச்சில் வழியத் தொடங்கும். துடைக்கத் துடைக்க வரும். "பனிக்குடத் தண்ணீரைக் குடித்துவிட்டது, கக்கி முடித்தால் சரியாய்ப் போய்விடும்" என்று பிரசவ அறையின் வெளியே சொல்லப்படும் சமாதானம் பல சந்தர்ப்பங்களில் உண்மையாகவும் இருப்பதால்தான், உண்மையல்லாத அந்த ஒரு சந்தர்ப்பத்தில் அது இத்தனை ஆபத்தாகிறது. விழுங்கிய பனிக்குட நீர் ஓரிரு முறையில் வெளிவந்து தீர்ந்துவிடும். போக வழியில்லாத உமிழ்நீருக்குத் தீர்வென்பது இல்லை. இதைக் கண்டறிய விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை வாய்வழியே செலுத்தினால், இரைப்பைக்குப் போகவேண்டிய அது சுமார் 10 சென்டிமீட்டரில் முட்டி நின்றுவிடும். மார்பு எக்ஸ்ரேயில் அது சுருண்டு கிடப்பது தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் ஒருவரே முதற்சந்தேகத்தை எழுப்பப் போதுமானவர்.

அவ்வாறு சந்தேகம் எழுந்த கணத்திலிருந்து குழந்தையின் வாயில் எதுவும் படக்கூடாது. தேனும் கூடாது, கழுதைப்பாலும் கூடாது, உரைமருந்தும் கூடாது, தாய்ப்பாலும்கூடக் கூடாது. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுத் தாய்மார்கள் துடித்துப்போவதில் வியப்பில்லை. "தாய்ப்பால் எந்தக் குழந்தைக்கும் கெடுதல் செய்யாது" என்று நாம்தானே அவர்களுக்கு ஓயாமல் சொல்லி வந்திருக்கிறோம்? பாலில் தோஷமில்லை, அது போய்ச் சேரும் இடம் நுரையீரலாக இருப்பதுதான் தோஷம். அந்தச் சீம்பாலை வீணாக்காமல் பீய்ச்சிப் பாதுகாத்து வைத்தால், சிகிச்சைக்குப் பிறகு அதே குழந்தைக்குக் குழாய் வழியாகவே கொடுக்கலாம். தேனைப் பற்றி மாத்திரம் இன்னும் ஒன்று: நோயற்ற குழந்தைக்கும் ஒரு வயது நிரம்பும்வரை தேன் கூடாது. சிசுவின் குடலில் நஞ்சாக முளைக்கக்கூடிய கிருமி வித்துகள் அதில் இருக்கலாம். பழனியிலிருந்து பக்தியோடு வாங்கி வரும் பஞ்சாமிர்தத்திலும் தேன் உண்டு என்பதால், அந்தப் பிரசாதத்தையும் முதற்பிறந்தநாள்வரை குழந்தையின் நெற்றிக்கு நேரே காட்டிவிட்டுப் பெரியவர்கள் உண்பதே தகும்.

கிரகணத்தின்போது கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் இப்படி என்பார் உண்டு. நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனை ஆராய்ந்து வரும் வானாய்வுக்கூடம் ஒன்று கொடைக்கானலிலேயே இருக்கிறது. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் வட்டாரமே கங்கண கிரகணத்தைக் கண்டது. நிழல் எந்தக் கருவையும் தொடவில்லை. பெரும்பாலும் இக்குறைக்குத் தனியொரு காரணம் சொல்ல இயலாது; தாய் உண்டதும் இல்லை, செய்ததும் இல்லை. ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கும் வரக்கூடிய வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவே.

"ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்களே" என்ற கேள்வி இதைவிட நியாயமானது. கருவிலேயே இது தெரிந்துவிடுவது பாதிக்கும் குறைவானவர்களிடந்தான். கீழ்ப்பகுதி வழியாகச் சுவாசக்குழலிலிருந்து சிறிது நீர் இரைப்பையை அடைந்துவிட்டால், ஸ்கேனில் இரைப்பை வழக்கம்போலவே தோற்றும். ஆயினும், சிசு விழுங்காத காரணத்தால் பனிக்குட நீர் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தாலும், இரைப்பையின் நிழல் மிகச் சிறுத்தோ காணாமலோ இருந்தாலும், அந்தத் தாய் வலி வரும்வரை மலைமேல் காத்திராமல் முன்கூட்டியே சமவெளிக்கு இறங்கி, குழந்தைகளுக்கான அறுவைச் சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு அருகில் பிரசவிப்பது மிகுந்த பயன் தரும்.

மலையின் நிலையை அறியாதவர்களுக்கு இதன் அவசியம் எளிதில் விளங்காது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குழந்தைகள் அறுவைச் சிகிச்சைத் துறையுள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அங்கிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மன்னவனூர்க்காரருக்கு அதற்கு முன்னே இன்னொரு மலைப்பயணம் உண்டு. நெடுங்காலம் வண்டிப்பாதையே காணாத வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த கதையை அறியாதவர் இங்கு இல்லை. இத்தனை தூரத்தை நினைத்து, "எப்படியாவது சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் போதும்" என்று குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் மல்லாத்திக்கொண்டு காரில் ஏறிவிடுவது இயல்பான பதற்றம். ஆனால் இந்நோயில் நிமிஷக் கணக்கில் கத்தி வைக்கவேண்டிய அவசரம் பெரும்பாலும் இல்லை. பிறந்து ஓரிரு நாளுக்குள் அறுவை நடப்பதே வழக்கம். வழியில் குழந்தை எப்படி வந்தது என்பதே அதன் கதியை நிர்ணயிக்கிறது. தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், இல்லையேல் இரைப்பையின் அமிலம் கீழ்த்துவாரத்தின் வழியே நுரையீரலுக்குள் ஏறும். மேற்பையில் தேங்கும் எச்சிலைக் குழாய் வைத்து ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே வரவேண்டும். நரம்பு வழியே நீரும் சர்க்கரையும் ஏறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல் குளிர்ந்துவிடக்கூடாது. மார்கழிப் பனியில் வத்தலக்குண்டுப் பாதையில் இறங்கும் சிசுவுக்குக் குளிரே முதற்பகை. ஆகையால் சொந்த வாகனத்தைவிட, சிசுவைக் கவனிக்கத் தெரிந்தவர்களோடு வரும் 108 ஊர்தி அரைமணி தாமதித்து வந்தாலும் மேலானது.

இனி, நம்பிக்கைகளில் மிகவும் வலியது, படித்தவர்களிடமும் நிலவுவது: "ஆபரேஷன் முடிந்தது, குழாயைச் சேர்த்துவிட்டார்கள், இனி மற்றக் குழந்தை போலத்தான்." இக்குறையை 1697-இல் தாமஸ் கிப்ஸன் என்ற ஆங்கில மருத்துவர் தெளிவாக எழுதிவைத்தார், அதன்பின் 244 ஆண்டுகள் கழிந்து, 1941-இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் கேமரன் ஹெயிட் என்ற அறுவை மருத்துவர்தான் ஒரே அறுவையில் இரு முனைகளையும் இணைத்து ஒரு பெண்குழந்தையைப் பிழைக்கவைத்தார். அந்த முதற்குழந்தைக்கும் இணைப்பில் கசிவு ஏற்பட்டது; பிறகு அவ்விடம் சுருங்கி, விரித்துவிட வேண்டியும் இருந்தது. அன்று அக்குழந்தை பட்டதை இன்றும் பல குழந்தைகள் படுகிறார்கள். இணைத்த இடம் தழும்பேறிச் சுருங்குவது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் காணப்படுகிறது. பலூன் வைத்து விரிப்பதைச் சிலருக்கு ஒருமுறை, சிலருக்குப் பலமுறை செய்யவேண்டியிருக்கும். இதை அறுவை தோற்றுப்போனதற்கு அடையாளமாகக் கருதி, மனம் கசந்து, வருவதையே நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. அது தோல்வியன்று, சிகிச்சையின் எஞ்சிய பாதி.

சுருக்கம் இல்லாதவர்களுக்கும் அன்னக்குழலின் அலையசைவு சீராக அமைவதில்லை. நமக்கு உணவைத் தள்ளிச் செல்லும் தசைகள் அவர்களுக்குப் பாதி வழியில் கைவிட்டுவிடுவதால், உணவு பெரும்பாலும் தன் பாரத்தினாலும் குடிக்கும் நீரினாலுமே இறங்குகிறது. ஆகவே இரண்டு மூன்று வயதில் ஒருநாள், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று கண் கலங்கி, வாயில் எச்சில் ஒழுக உட்கார்ந்துவிடும். உடனே வீட்டில் எழும் முதல் வார்த்தை, "தொக்கம் விழுந்திருக்கிறது" என்பதே. தொக்கம் எடுப்பவர் வயிற்றை நீவியும் தொண்டையில் ஊதியும் சிக்கியதை எடுத்துக்காட்டும் காட்சியை நம்மில் பலர் சிறுவயதில் கண்டவர்கள். நோயற்ற குழந்தைக்கு அதனால் பெரிய தீங்கு நேராமல் போயிருக்கலாம். தையலிட்டு இணைத்த குழலுக்குள் ஊதுவதும், வயிற்றை அழுத்தி நீவுவதும், அதற்காக ஒருநாளோ இரண்டு நாளோ காத்திருப்பதும் முற்றிலும் வேறு விஷயம். மீன்முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்றுருண்டையையோ வாழைப்பழத்தையோ மேலே திணிப்பதும் அவ்வாறே ஆகாது. குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, தன் எச்சிலைத் தானே விழுங்க முடிந்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருகச் செய்யலாம். எச்சிலையே விழுங்க முடியாமல் வழியவிட்டால், அல்லது மூச்சு வாங்கினால், காலை விடியட்டும் என்று இருக்கக்கூடாது. எண்டோஸ்கோப்பி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாக வேண்டும். அடிக்கடி சிக்கினால் சுருக்கம் திரும்பியிருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்க்கவேண்டும்.

அதற்காக ஆயுள் முழுதும் கஞ்சியே கதி என்று எண்ணுவதும் பிழை. குழைந்த ரசஞ்சோறு, மசித்த உருளைக்கிழங்கு, மசித்த மலைவாழைப்பழம் என்று தொடங்கி, பல் முளைக்க முளைக்க, மென்று தின்னப் பழக்கிக்கொண்டே மேலே போகவேண்டும். கெட்டி உணவைக் காலந்தாழ்த்தினால் குழந்தை பிறகு அதைக் கண்டே அஞ்சும். பரோட்டா, ரொட்டி, இறைச்சித் துண்டு, தோலோடு கூடிய பேரிக்காய், பச்சைக் காரட் ஆகியவற்றில்தான் விழிப்பு வேண்டும். ஒவ்வொரு சில கவளத்துக்கும் ஒரு மிடறு நீர், அவசரப்படுத்தாத தாய், இவை இரண்டும் இருந்தால் பந்தியில் மற்றவர்களோடு உட்காரலாம்.

இரு முனைகளுக்கும் இடைவெளி மிக அதிகமாயிருந்தால் உடனே இணைக்க முடியாது. அப்போது வயிற்றில் ஒரு துவாரம் வைத்து அதன் வழியே பாலூட்டுகிறார்கள். சிலருக்குக் கழுத்தோரத்தில் இன்னொரு துவாரம் வைத்து உமிழ்நீரை வடியவிடுகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து முனைகளை இணைப்பதோ, இரைப்பையையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ மேலே கொணர்ந்து புதுவழி அமைப்பதோ பிறகு நடக்கும். "வயிற்றில் குழாய் போட்டுவிட்டால் அந்தக் குழந்தை அவ்வளவுதான்" என்ற பேச்சைக் கேட்டுத் தாய் வெட்கி, கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போகாமல் ஒதுங்கிவிடுகிறாள். கழுத்தில் திறப்புள்ள குழந்தைக்கு, வயிற்றுக் குழாயில் பால் செல்லும் அதே நேரத்தில் வாயிலும் சிறிது பால் கொடுக்கச் சொல்வார்கள். அது கழுத்து வழியே வடிந்துவிடும். வயிற்றுக்குப் போகாத அந்தப் பாலினால் என்ன பயன் என்று தோன்றும். ருசியையும், சப்புவதையும், விழுங்குவதையும், பசிக்கும் வாய்க்கும் உள்ள சம்பந்தத்தையும் குழந்தை கற்பது அதனால்தான். கற்காத குழந்தைக்குக் குழலை இணைத்த பின்னும் உண்ணத் தெரிவதில்லை. மருத்துவர் அனுமதித்திருந்தால், பூம்பாறைக் குழந்தை வேலப்பர் சந்நிதியில் சோறூட்டும் நாளில், குழைத்துக் கரைத்த பாயசத்தை அந்த வாயிலும் தொட்டு வைக்கலாம். மற்றக் குழந்தைகளைவிட அக்குழந்தைக்கே அந்த ருசி அதிகம் தேவை.

இருமலைப் பற்றியும் சொல்லவேண்டும். நாய் குரைப்பதுபோல் கனத்து ஒலிக்கும் ஓர் இருமல் இக்குழந்தைகள் பலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும். சுவாசக்குழலின் குருத்தெலும்பு மெலிந்து தளர்ந்திருப்பதே காரணம். அது காசநோயும் அன்று, பிறருக்குத் தொற்றுவதும் அன்று. இதற்காகக் குழந்தையைத் தனிப் பெஞ்சில் உட்காரவைக்கும் பள்ளிக்கூடம் பெரும் அநீதி செய்கிறது. "மலைக்குளிர் ஆகாது, கீழே போய்விடுங்கள்" என்ற யோசனையும் பொதுவாகத் தேவையற்றது. குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த வீட்டுக்குள் எரியும் விறகடுப்பின் புகைதான் அந்த நுரையீரலுக்கு மெய்யான பகை. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிடுவதும் அத்தகையதே. ஆனால் பால் குடிக்கும்போதெல்லாம் இருமல் வந்தாலும், உண்ணும்போது உடல் நீலம் பாரித்தாலும், மூடிய துவாரம் மீண்டும் திறந்திருக்கலாம் என்று ஐயுற்றுக் காட்டவேண்டும்.

இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, ஆசனவாய் ஆகியவற்றில் வேறு குறையும் உடனிருக்கக்கூடும். பிறந்தவுடனே அவற்றையும் பார்த்துவிடுகிறார்கள். மார்பைத் திறந்து அறுவை செய்த பக்கத்தில் வளர்ச்சி குன்றி முதுகெலும்பு வளையலாம். பருவ வயதில் சட்டையைக் கழற்றிக் குனியச் சொல்லிப் பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. இரைப்பை அமிலம் மேலேறுவதுதான் நெடுநாள் தொல்லை. அது வலியே இல்லாமலும் அன்னக்குழலை அரிக்கும் என்பதால், ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பைகுடல் மருத்துவச் சங்கங்கள் 2016-இல் கூட்டாக வெளியிட்ட நெறிமுறை, முதல் ஆண்டு அமிலத்தைக் குறைக்கும் மருந்தையும், தொல்லை இல்லாதவர்களுக்கும் வயது வருமுன் மூன்று முறை எண்டோஸ்கோப்பியையும், அதன் பின்னும் தொடர்ந்த பரிசோதனையையும் வற்புறுத்துகிறது. பள்ளிக்குப் போய், பந்தாடி, பழனிமலைப் படி ஏறி, மணமுடித்துப் பிள்ளை பெற்று வாழ்பவர்கள் இவர்களில் ஏராளம். தமக்கு சிசுப்பருவத்தில் என்ன செய்யப்பட்டது என்பதே தெரியாமல் முப்பது வயதில் உணவு சிக்கி வருகிறவர்களும் உண்டு.

ஆகையால் அறுவை முடிந்து வீடு திரும்பும் தாயிடம் ஒன்று வேண்டிக்கொள்வேன். எந்த வகைக் குறை, எந்தத் தேதியில் எங்கே அறுவை, இணைப்பு எந்த ஆழத்தில் இருக்கிறது, கடைசியாக எத்தனை மில்லிமீட்டர்வரை விரித்தார்கள், என்னென்ன மருந்து என்பதையெல்லாம் மருத்துவரிடம் ஒரே தாளில் எழுதி வாங்கி, மழையில் நனையாத உறையிலிட்டு, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் உணவு சிக்கி மலையிறங்கும்போது, வத்தலக்குண்டில் முதலில் பார்க்கும் மருத்துவருக்கு அந்தக் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது; அவர் கையில் முதலில் கொடுக்கவேண்டியது அந்தத் தாளைத்தான்.