கிராமப் பள்ளியில் பூமி சாஸ்திரம்

பயிர்த்தொழிலுக்கு ஆதாரம் மண்ணும் நீரும் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் நம் பிள்ளைகளிற் பலர் எரிமலையைப் பற்றிப் பாடம் ஒப்பிப்பார்களேயன்றித் தம் ஊர்க் கிணற்றில் நீர் ஊறும் விதத்தைச் சொல்ல அறியார். நாளை நிலத்திற்கு உரியவராகப் போகிறவர்கள் இவர்களே. ஆதலின் இக்குறை சிறிதன்று.

இதனை நீக்குதற்கு உபாத்தியாயர்களுக்கு இணையத்தில் நல்ல சாதனங்கள் உள்ளன. 1851-ல் தோன்றிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையார் ‘பூகோஷ்’ என்னும் தளத்தில் பாறைகளின் படங்களை வைத்துள்ளனர். இஸ்ரோ நிறுவனத்தார் 2009-ல் தொடங்கிய ‘புவன்’ தளத்தில், வானிலிருந்து எடுத்த படங்களில் ஏரி, ஓடை, வயல் ஆகியவற்றைக் காணலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தார் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்டுக்கு 4 முறை அளந்து வருகின்றனர். அவ்வளவுகளையும் இணையத்தில் பார்க்கலாம்.

படத்தோடு கைவேலையும் சேரவேண்டும். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைக்கவும். மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியிற் படியும். வண்டல் சில மணி நேரத்திற் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். படிவு முழுவதும் 10 செ.மீ. இருந்து, அதில் மணல் 6 செ.மீ. ஆனால், அம்மண்ணில் மணல் ஏறத்தாழ 60 சதவீதம் என்று பிள்ளைகளே கணக்கிடுவர்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறை நிலமாகும். அங்கே நீர் தங்குவது, மேலே உக்கிய பாறையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலுமே. வெடிப்பில்லாத பாறையை எத்தனை அடி துளைத்தாலும் நீர் கிட்டாது. இதனை அறியாது கடன்பட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டி நஷ்டமடைவோர் பலர். ஓர் ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் விழும் நீர் சுமார் 40,000 லிட்டர். அதில் ஒரு பகுதியே நிலத்துள் இறங்கும். இக்கணக்கை உணர்ந்த பிள்ளை ஏரியையும் வரத்துக்காலையும் அசட்டை செய்யான்.

ஓர் எச்சரிக்கை: பூகோஷ் தளத்திலுள்ள படங்களிற் பல 1:50,000 அளவுடையவை. அவற்றில் 1 செ.மீ. என்பது நிலத்தில் 500 மீட்டர். ஆகையால் ஒரு புலத்தில் எவ்விடத்திற் கிணறு வெட்டலாம் என்பதை அப்படங்கொண்டு தீர்மானித்தல் கூடாது.

நிலமுடையோர் தம் புலத்து மண்ணில் ஒரு படி பள்ளிக்குக் கொடுத்துதவுக. மாதம் ஒருமுறை பிள்ளைகள் தம் கிணற்று நீர்மட்டத்தைப் பெரியோர் துணையுடன் கயிறிட்டு அளக்க இடந்தருக. கிராம அதிகாரிகள் கிராம வரைபடத்தை உபாத்தியாயருக்குக் காட்டி விளக்குக. மூன்று நான்கு ஆண்டுகள் இவ்வாறு எழுதிவந்த குறிப்பேடு, பிள்ளைகளுக்குப் பாடமாவதோடு, கோடையில் எவ்வளவு நிலம் பயிரிடலாம் என்று ஊரார் ஆலோசிக்கும்போது அவர்களுக்கும் பெரிதும் பயன்படும்.