மாத்திரையை விட்ட பிறகு மிஞ்சுவது

மனநல மருந்துகளைப் பற்றி ஒரே வீட்டில் இரண்டு விதமான பேச்சு நடக்கும். "தொட்டால் விடவே முடியாது" என்பார் அத்தை. "விட்டால் நாலு நாளில் ரத்தத்திலிருந்து போய்விடும், அப்புறம் என்ன?" என்பார் மாமா. அத்தை பேச்சைக் கேட்டவர் தேவையான மருந்தையும் தொட மாட்டார். மாமா பேச்சைக் கேட்டவர் திங்கட்கிழமை பட்டென்று நிறுத்திவிட்டு வியாழக்கிழமை தலைசுற்றிப் படுத்திருப்பார். எனக்கு மாமாவிடம்தான் பயம் அதிகம்.

"மருந்து போனால் விளைவும் போய்விடும்"

மருந்து ரத்தத்தை விட்டுப் போவது ஒரு கணக்கு, மூளை பழைய நிலைக்கு வருவது இன்னொரு கணக்கு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இன்று அதிகம் எழுதித் தரப்படும் செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்சிடின், ஃப்ளூஆக்சிடின் எல்லாம் ஒரே குடும்பம். செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வாயிலை இவை அடைக்கின்றன. மாதக்கணக்கில் வாயில் அடைபட்டிருந்தால் நரம்பு மண்டலம் அதற்கேற்பத் தன்னைச் சரிக்கட்டிக்கொள்கிறது. அடைப்பை ஒரே நாளில் எடுத்துவிடலாம். சரிக்கட்டியது ஒரே நாளில் கலையாது. அந்த இடைவெளியில்தான் தலைசுற்றல், குமட்டல், விசித்திரமான கனவு, காரணமில்லாத அழுகை எல்லாம் வருகின்றன. கண்ணைச் சட்டென்று திருப்பினால் மண்டைக்குள் ஷாக் அடித்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். பலரும் இதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள், 'பைத்தியம் என்று நினைப்பாரோ' என்று. உலகம் முழுக்க ஒரே மாதிரி சொல்லப்படும் தொல்லை அது.

எந்த மருந்து என்பதைப் பொறுத்தும் வேகம் மாறும். மனச்சோர்வுக்கே தரப்படும் வென்லாஃபாக்சின் ஐந்து மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும். பராக்சிடினுக்கு ஏறக்குறைய ஒரு நாள். ஃப்ளூஆக்சிடினும் அது உடம்பில் மாறி உண்டாகும் பொருளும் வாரக்கணக்கில் தங்கும், அதனால் மெல்ல இறங்கும்.

எத்தனை பேருக்கு வரும்? 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு சுமார் 21,000 பேரின் தரவுகளைப் பார்த்தது. மருந்தை நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்குத் தொல்லை. வெற்று மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 விழுக்காட்டினருக்குத் தொல்லை. எதிர்பார்ப்பினால் வருவதைக் கழித்தால் ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையான தொல்லை சுமார் 35 பேரில் ஒருவருக்கு. ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து சில மாதங்களே கொடுக்கப்பட்டது. ஐந்து, பத்து வருடம் சாப்பிட்டவருக்கு இதே எண்ணை அப்படியே பொருத்திச் சொல்வது சரியில்லை.

"நிறுத்தியதும் தொல்லை வந்தால் நோய் திரும்பிவிட்டது"

சில சமயம் உண்மையிலேயே திரும்பியிருக்கும். 2021இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், நீண்டகாலம் மருந்து எடுத்து நன்றாக இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு வருடத்தில் அவர்களில் 56 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களிலும் 39 விழுக்காட்டினருக்குத் திரும்பியது. ஆக நிறுத்துவதில் ஆபத்து உண்டு. அதே சமயம், நிறுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகவே இருந்தார்கள்.

பிரித்துப் பார்க்க உதவுவது நாட்காட்டிதான். நிறுத்தல் தொல்லை பெரும்பாலும் சில நாட்களுக்குள் தொடங்கும், நோயில் முன்பு இல்லாத தலைசுற்றலும் ஷாக்கும் கூட வரும், மருந்தைத் திரும்ப எடுத்தால் சீக்கிரமே அடங்கும். நோய் திரும்புவது மெதுவாக, வாரங்கள் மாதங்கள் கழித்து, பழைய முகத்தோடு வரும். தொல்லை ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும் என்றுதான் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகளும் நெடுநாள் சொல்லிவந்தன. 2019இல்தான் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், கடுமையாகவும் இருக்கும் என்று திருத்திக்கொண்டன. நோயாளிகள் அதற்கு வெகுகாலம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பாதி, அப்புறம் கால், அப்புறம் நிறுத்திவிடலாம்"

கேட்க நியாயமாக இருக்கும் இந்தக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அதே குடும்பத்துச் சிட்டலோபிராமை எடுத்துக்கொள்வோம். 20 மில்லிகிராம் சாப்பிட்டால் நான் மேலே சொன்ன வாயில்களில் சுமார் 80 விழுக்காடு அடைபடுகிறது என்று மூளை ஸ்கேன்கள் காட்டுகின்றன. 10க்குக் குறைத்தால் 70ஐ ஒட்டி நிற்கும். 5க்குக் குறைத்தாலும் 60ஐ ஒட்டித்தான். முக்கால்வாசி மருந்தைக் குறைத்தாயிற்று, மூளைக்கோ இருபது விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. நோயாளிக்கு நம்பிக்கை வந்துவிடும், 'இவ்வளவு சுலபமா!' என்று. பிறகு அந்த 5 மில்லிகிராமை ஒரே நாளில் விடுகிறார். மீதி 60ம் ஒன்றாகச் சரிகிறது. மேல்படிகள் எல்லாம் சாண் உயரம், கடைசிப் படி ஆள் உயரம்.

லண்டனில் ஆய்வாளர்கள் மார்க் ஹோரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கீழே வர வர அளவும் சின்னதாக வேண்டும். சிலருக்குக் கடைசி இறக்கம் ஒரு மில்லிகிராமுக்கும் கீழே தொடங்க வேண்டியிருக்கும். பிளேடால் மாத்திரையை நறுக்கி அந்த அளவுக்கு வர முடியாது. கால் துண்டு என்று நினைத்தது ஒரு பக்கம் பெரிதாகவும் இன்னொரு பக்கம் பொடியாகவும் போகும். திரவ வடிவில் கிடைக்கும் மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரைக் கேட்பது அதனால்தான்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள்" என்பதும் நம் ஊரில் பழக்கம். ஃப்ளூஆக்சிடினுக்குப் பரவாயில்லை. பராக்சிடினில் 48 மணி நேரத்தில் மருந்து ஐந்தில் ஒரு பங்காகிவிடும். உடம்புக்கு அது வாராவாரம் மூன்று நாலு தடவை நிறுத்தி நிறுத்தித் தொடங்கியதுபோல.

தூக்க மாத்திரை என்று அழைக்கப்படும் அல்பிரசோலம், குளோனசெபாம் வகையைப் பட்டென்று நிறுத்துவது இதைவிட ஆபத்து. வலிப்பே வரலாம்.

"தாம்பத்தியச் சிக்கல் மருந்தை விட்டால் சரியாகிவிடும்"

பெரும்பாலோருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு ஆவதில்லை. பிறப்புறுப்பில் மரத்துப்போன உணர்வு, ஆசையே எழாமை, உச்சத்தில் ஒன்றும் தெரியாமை எனப் பல மாதங்கள், சிலருக்கு வருடங்கள் நீடிக்கலாம். 2006 வாக்கில் மருத்துவ இதழ்களில் இது தனிச் சிக்கலாகப் பதிவாகத் தொடங்கியது. 2019இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை, செர்ட்ராலின் போன்ற மருந்துகளின் குறிப்புத்தாளில் எச்சரிக்கை சேர்க்கச் சொன்னது; 2021இல் கனடா அரசும் அதையே செய்தது. ஆசை குறைவதற்கு மனச்சோர்வும் காரணமாகலாம் என்பார்கள், சரிதான். ஆனால் தோல் மரத்துப்போவதை மனச்சோர்வின் கணக்கில் எழுத முடியாது. இதற்கென்று நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இதுவரை இல்லை.

இங்கே புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஐந்து நிமிடம். "தூக்கம் வருதா? பசிக்குதா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் அம்மாவோ மாமனாரோ நிற்பார். இதை எப்படிச் சொல்வது? மருந்து தொடங்கும் நாளிலேயே உடன் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் இதைப் பேசிவிட வேண்டும். நோயாளி தொடங்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை.

"நான் மனநல மருந்தே தொட்டதில்லை, எனக்கென்ன?"

மனச்சிதைவுக்கான மருந்துகளை நெடுநாள் எடுத்தவர்களில் சிலருக்கு உதடு சுழிப்பது, நாக்கு துருத்துவது, தாடை அசைவது போன்ற தன்னிச்சை அசைவுகள் வரும். மருந்தை நிறுத்தியபோது அதுவரை மறைந்திருந்தது வெளிப்படுவதும், வருடக்கணக்கில் தங்கிவிடுவதும் உண்டு. 2017இல் அமெரிக்காவில் இதற்கென்றே இரண்டு மருந்துகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

மனநல மருந்தே தொடாதவருக்கும் இதே அசைவுகள் வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடாலும் வரும். 12 வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துத் துறை 2009இல் கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்தது. நம் ஊரில் வயிற்றெரிச்சலுக்கு வாங்கும் சில கேப்சூல்களில் அமில மருந்தோடு லெவோசல்பிரைடும் சேர்ந்திருக்கும். அது மனச்சிதைவு மருந்துகளின் இனம். கை நடுக்கத்தையும் வாய் அசைவையும் அதுவும் கொண்டுவரும். மெடிக்கலில் பழைய அட்டையைக் காட்டி மாதாமாதம் வாங்கிச் சாப்பிடும் பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் அட்டையின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். அந்தப் பெயர் இருந்தால் அட்டையோடு டாக்டரிடம் போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறார் என்பதையும் சொல்லுங்கள்.