பற்றுப் பேரேடும் டெலிபோன் நம்பரும்

சிராங்கூன் ரோட்டில் நாம் அறிந்த ஒரு கடை. அங்கே ஒரே வாடிக்கைக்காரர் கம்ப்யூட்டரில் மூன்று ஆளாக ஏறியிருந்தார். அவருடைய டெலிபோன் நம்பரைக் கணக்குப்பிள்ளை ஒரு நாள் இடைவெளி விட்டும், ஒரு நாள் கோடு போட்டும், மற்றொரு நாள் 65ஐ முன்னால் சேர்த்தும் பதிந்துவிட்டார். பற்று ஒன்றிலும் வரவு மற்றொன்றிலும் நின்றன. கொடுத்துத் தீர்த்தவரிடமே மறுபடி பணம் கேட்டார்கள். நாணயஸ்தரான அம்மனிதர் பிறகு அந்தக் கடைப்படி ஏறவில்லை.

ஆகையால், நம்மவர் பலர் உபயோகிக்கும் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் பதிவேட்டில் இதைத் தடுக்கும் வகையைக் கவனிப்போம்.

நம்பர் என்று பெயர் இருந்தாலும் அதை யாரும் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. எனவே அந்தக் கட்டத்தை 'நம்பர்' என்று வகுக்காமல் 'ஷார்ட் டெக்ஸ்ட்' என்று வகுக்க வேண்டும். இல்லாவிடில் ஜொகூர் சரக்குக்காரரின் 012இல் முதல் பூஜ்யம் மறைந்துபோம். ஊரிலுள்ளவர்களின் பத்து இலக்கக் கைப்பேசி நம்பரோ ஏறவே ஏறாது. 'லாங் இன்டிஜர்' கட்டத்தின் உச்சவரம்பு 2,147,483,647 தான்.

அடுத்து, 'இன்புட் மாஸ்க்' என்ற வரியில் 0000\ 0000;;_ என்று எழுதுங்கள். ஒவ்வொரு 0வும் கட்டாயமாக ஓர் இலக்கம் கேட்கும். ஏழோடு நிறுத்தினால் பதிவேடு விடாது. பின்சாய்கோட்டை அடுத்த இடைவெளி கண்ணுக்கு மட்டுமே. இரண்டு அரைப்புள்ளிகளின் நடுவே ஒன்றும் எழுதாவிட்டால் எட்டு இலக்கம் மட்டும் தங்கும். 0 எழுதினால் இடைவெளியும் உடன் தங்கிவிடும். அதிலே தயாராகக் கிடைக்கும் டெலிபோன் மாதிரி அமெரிக்க தேசத்துக்குரியது, நமக்கு உதவாது.

ஓர் எச்சரிக்கை. 65 என்று தொடங்கி அடித்தால் மாஸ்க் முதல் எட்டை வாங்கிக்கொண்டு கடைசி இரண்டைத் தள்ளிவிடும். பார்வைக்கு அது 6இல் தொடங்கும் கடை நம்பர் போலவே இருக்கும்! கணக்குப்பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டு நம்பருக்குத் தனிக் கட்டம் வேண்டும்; அதற்கு மாஸ்க் வேண்டாம். +60 எழுதினால் மலேசிய நம்பரின் முன் பூஜ்யத்தை நீக்குங்கள். இந்தியாவுக்கு +91.

முன்பே பதிந்தவற்றை மாஸ்க் திருத்தாது. அவற்றை நாமே பார்க்க வேண்டும். பழைய பேரேட்டில் ஏழு இலக்கத்தில் கிடக்கும் வீட்டு, கடை நம்பர்கள் 2002 மார்ச் 1ஆம் தேதிக்கு முந்தியவை. அன்று முதல் அவற்றின் முன்னால் 6 சேர்ந்தது. சேர்த்து, ஒரு தடவை கூப்பிட்டு விசாரித்த பிறகே பதியுங்கள். இத்தனை வருஷத்தில் நம்பர் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.

ஒரே நம்பர் இரு முறை ஏறாமல் அடியோடு தடுக்கவும் ஆக்சஸில் வழியுண்டு. கைப்பேசிக் கட்டத்துக்கு அதைச் செய்யலாம். கடை நம்பருக்கு வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். அண்ணனும் தம்பியும் தனித்தனிப் பற்று வைத்துக்கொண்டு ஒரே டெலிபோனில் பேசுகிற கடைகள் நம்மிடையே எத்தனை!