தாத்தா சைக்கிளும் ஓட்டைச் சொம்பும்



தமிழ்நாட்டுக் கொல்லைகளிலும் மாட்டுக் கொட்டகைகளிலும் சாய்ந்து கிடக்கும் பழைய சைக்கிள்கள் பெரும்பாலும் ஒரே சாயல் கொண்டவை: 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்புப் பெயின்ட், மட்கார்டில் பொன்னிறக் கோடு. இங்கிலாந்து ரோட்ஸ்டரின் வடிவம் அது. பர்மிங்காமில் 1910இல் பிறந்த ஹெர்குலிஸ், 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் வழியாக அம்பத்தூருக்கு வந்து உள்ளூர்ப் பெயராகவே ஆகிவிட்டது. சோனிபத்தின் அட்லஸும் லூதியானாவின் ஹீரோவும் அதே வடிவத்தைத்தான் பின்பற்றின. இதனால் ஒரு நன்மை உண்டு. ஒரு வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். காயலான் கடையில் கிடக்கும் எலும்புக்கூடுகூட உதிரிபாகக் கிடங்குதான்.

பிரிப்பதற்கு முன் அரைநாளாவது வண்டியைச் சும்மா பார்க்க வேண்டும். ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தால் சீட்டுக்குக் கீழேயோ பெடல் அச்சுக்கூட்டின் அடியிலோ சட்ட எண் தெரியும். முன்கழுத்தில் கம்பெனியின் பட்டயம் இருக்கும், அல்லது அது இருந்ததற்கு அடையாளமாக இரண்டு துளை இருக்கும். சில வண்டிகளில், வரி கட்டியதற்காக நகராட்சியோ பஞ்சாயத்தோ கொடுத்த வில்லை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு காலத்தில் வில்லை இல்லாத சைக்கிளையும், விளக்கில்லாமல் இரவில் போன சைக்கிளையும் பிடித்து அபராதம் போட்டார்கள். ஆண்டு பொறித்த அந்தத் துண்டுத் தகட்டைத் துருவோடு சேர்த்துத் தேய்த்துவிடுவதுதான் இந்த வேலையில் நேரும் முதல் நஷ்டம். பெயின்ட்டும் அப்படித்தான். முக்கால்வாசி உறுதியாக இருந்தால் உரிக்காமல், துருப்பிடித்த இடங்களை மட்டும் சரிசெய்வது நல்லது. புதிதாகப் பளபளக்கும் பழைய சைக்கிள், சாயம் பூசிய மீசை மாதிரி. வயது எப்படியும் தெரிந்துவிடும். போர்க்கின் தலைப்பகுதியிலும் குழாய்கள் சேரும் முட்டிகளிலும் விரிசல் கண்டால் மட்டும் அந்தச் சட்டத்தைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

இறுகிப்போன நட்டுகளை முதல் நாளே மண்ணெண்ணெயில் ஊறவிட வேண்டும்; கிடைக்காவிட்டால் டீசல். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் தலைகீழ். வழக்கமாகத் தளர்த்தும் திசையில் திருப்பினால் அது இன்னும் இறுகும். மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இது தெரியாமல் பலத்தைக் காட்டியதில் மரை தேய்ந்துபோன கிராங்குகள், அதாவது பெடலைத் தாங்கும் கைகள், சைக்கிள் கடைகளில் நிறையவே கிடக்கும்.

காட்டர் பின் அதைவிடப் பிடிவாதம். கிராங்கை அச்சோடு பிணைக்கும் இந்தப் பின்னை நேரடியாகச் சுத்தியலால் தட்டினால் பின் வளையும். அடியும் உள்ளே இறங்கி பால்ரஸ் ஓடும் கிண்ணத்தைக் குழியாக்கும். பின்னின் தலை நுழையுமளவு வாயுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கிராங்குக்கு முட்டுக் கொடுத்து, நட்டை மரைமுனையோடு சமமாக நிறுத்தி, ஒரே ஒரு கனத்த அடி போட வேண்டும். பத்துச் சின்ன அடிகளால் ஆகாதது அதில் ஆகும். புதிய பின்னின் சாய்வு முகத்தை அரத்தால் ராவிப் பொருத்தும்போது, ஒன்றின் நட்டு மேலே இருந்தால் மற்றதன் நட்டு கீழே இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மிதிக்கும் கால் நொண்டும்.

முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 பால்ரஸ், அளவு 3/16 அங்குலம். பின் ஹப்பில் பக்கத்துக்கு 9, அளவு 1/4 அங்குலம். ஒன்று தேய்ந்திருந்தாலும் முழு வரிசையையும் மாற்றுவதுதான் முறை. தேய்ந்தவற்றுக்கு நடுவே புதியது ஒன்று இருந்தால் சுமையெல்லாம் அதன் தலையில்தான் விழும். கிரீஸ் வைத்து, பால்ரஸைப் பிடித்து நிறுத்தும் கோனை இறுக்கியபின் சோதனை எளிது: சக்கரத்தைத் தூக்கி விட்டால், வால்வின் கனத்திலேயே மெல்லச் சுழன்று வால்வு கீழே வந்து நிற்க வேண்டும், ரிம்மைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. செயினுக்கு அளவுகோலே போதும். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/8 அங்குலம் நீண்டிருந்தால் செயின் முடிந்தது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நல்லதல்ல. குளிர்ந்தால் உறைந்து புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பின்சக்கரத்தில் 40 போக்ஸ் கம்பியும் முன்சக்கரத்தில் 32ம் இருக்கும். சக்கரத்தின் கோணலை நேராக்கிப் பெண்டு எடுப்பதைக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வதே வழி. எழுதிக் காட்டி வராது.

நிக்கல், குரோம் பூசிய பாகங்களில் மேலோட்டமான துரு இருந்தால், கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும். அலுமினியம் குரோமைவிட மென்மையானது, கீறாது. சட்டத்துக்கு உப்புத்தாள். பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டு, அலங்காரப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017இல்தான். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். கழிவை வாசலில் கொட்டக் கூடாது. பிறகு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன் மேல் எனாமல் மெல்லியதாக இரண்டு. பிரேக் கட்டை உரசும் இடம் ரிம்மின் உள்முகம்; அங்கே பெயின்ட் படக் கூடாது.

அலங்காரத்துக்கு வந்தால், கழுத்துப் பட்டயம்தான் முதலில் செய்யத் தக்கது. காணாமல் போன பட்டயத்துக்குப் போலி ஒன்று வாங்கி மாட்டுவதைவிட, ஓட்டை விழுந்த பித்தளைச் சொம்பிலிருந்து சொந்தமாக ஒன்று அடிப்பது மேல். உள்ளே வெள்ளீயம் பூசியிருந்தால் முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். தகரக் கத்திரியால் சொம்பை வெட்டி விரித்த தகட்டை மங்கிய சிவப்பு வரும்வரை அடுப்பில் காய்ச்சி ஆறவிட்டால் பித்தளை இளகும். கொட்டாப்புளியால் தட்டினால் சமமாகும். கோயில் கவசங்களில் உருவம் புடைத்து நிற்பது எந்த வேலையோ, இதுவும் அதேதான். குங்கிலியமும் செங்கல் தூளும் சிறிது எண்ணெயும் சேர்த்து உருக்கிய படுக்கையில் தகட்டைப் பதித்து, பின்பக்கமிருந்து மழுங்கிய உளியால் தட்ட வேண்டும். பின்னாலிருந்து தட்டுவதால் எழுத்தை இடம்வலம் மாற்றி வரைந்துகொள்வது அவசியம். தாத்தாவின் முதலெழுத்து ‘சு’ என்றால் தகட்டின் முதுகில் அது கண்ணாடியில் தெரியும் ‘சு’வாக இருக்க வேண்டும். தட்டத் தட்டத் தகடு விறைக்கும். விறைத்தபின்னும் தட்டினால் கிழியும். மறுபடி காய்ச்சி, திருப்பிப் போட்டு, முன்பக்கத்தில் நுணுக்கங்களைத் தீட்டலாம். கடைசியில் புளி போட்டுத் தேய்த்தால் பூசைப் பாத்திரத்தின் நிறம் வரும்.

பொருத்தும்போது ஒரு சிக்கல் உண்டு. கம்பி பிரேக் வண்டியில் முன் பிரேக்கின் கம்பி கழுத்துக்கு நேர் முன்னால் இறங்குகிறது. புடைப்பு அதிகமானால் கம்பி அதில் உரசி, பிரேக் பாதியில் நின்றுவிடும். பட்டயத்தை நூலால் கட்டிவைத்துப் பிரேக்கைப் பத்துமுறை பிடித்துப் பார்த்த பிறகே பழைய துளைகளில் திருக வேண்டும். துளை இல்லாத கழுத்தில் புதிதாகத் துளை போடுவதைவிட, பித்தளைப் பட்டையால் சுற்றிக் கட்டுவதே சரி.

ஹப்பைச் சுற்றும் வண்ணக் குஞ்சம் வெறும் பகட்டு என்று பலர் நினைக்கிறார்கள். சக்கரம் சுழலும்போது அது ஹப்பின் மேல் உருண்டு தூசியைத் துடைக்கிறது. பழைய ட்யூபில் வெட்டிய வளையத்தில் கம்பளி நூல் மிச்சங்களைக் கட்டினால் குஞ்சம் தயார். அறுந்த செருப்பின் தோல்வாரை ஹப்பில் தளர்வாகப் பூட்டினாலும் அதே வேலையைச் செய்யும். லாரி ட்யூபில் மட்ஃபிளாப் வெட்டலாம். போக்ஸ் கம்பியில் கோக்கும் பாசிமணி மெதுவாகப் போகும்போது சலசலக்கும். குழந்தைகளுக்குப் பிடிக்கும், ஓட்டுபவருக்கு ஒரு வாரத்தில் சலிக்கும். ஹேண்டில்பாரிலும் முன் மட்கார்டிலும் கூர்முனையுள்ள எதுவும் வேண்டாம்.

எல்லாம் பூட்டி ஒரு வாரம் ஓட்டியபின் காட்டர் பின்களின் நட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும். புதிய பின் உட்கார்ந்து தளர்வது வழக்கம்.